தவக்காலம் முடியும்வரை பிரிக்கக் கூடாது

ஐந்தாங்கட்டை, ரந்தாவ்
22 செப்டம்பர் 2024

அன்புத் தங்கை கொரெட்டிக்கும், உனக்கு முன்னால் இதைப் பிரித்துப் படிக்கும் மடத்துத் தாய்க்கும்,

அண்ணன் அமலதாஸ் எழுதுவது. நானும் டான்யாவும் இருக்கிறோம். மலைமேல் உங்கள் முழங்கால்களும் இருமல்களும் எந்த மட்டில் இருக்கின்றன?

என் புனிதாவின் மூன்றாம் வருட நினைவுப் பூசை ஆகஸ்டில் நடந்தது. மகன் இவான் சிங்கப்பூரிலிருந்து மனைவியோடு வந்து, மறுநாளே வேலைக்குத் திரும்பிவிட்டான். டான்யாவுக்கு இருபத்தாறு முடிந்தது. அம்மா போன பிறகு என் கையால் ஊட்டினால்தான் சாப்பாடு என்று அடம் பிடித்தாளே, அது இன்னும் மாறவில்லை. டவுன் சின்ட்ரோம் பிள்ளைகள் ஒரு பழக்கத்தைப் பிடித்தால் விடமாட்டார்கள் என்கிறார் சென்டர் டீச்சர். விடியற்காலையில் ஊட்டிவிட்டு லோரி எடுக்கிறேன். பகலில் பக்கத்து வீட்டு மங்கம்மா பார்த்துக்கொள்கிறார். சாயந்திரம் நான் வந்துதான் அடுத்த வாய்ச் சோறு.

சிரிக்க ஒரு சேதி. எனக்குத் தொப்பை போட்டுவிட்டது. செம்பனைக் குலை ஏற்றி எண்ணெய் ஆலைக்குப் போகும்போது ஸ்டியரிங் வயிற்றில் உரசுகிறது. சீட்டைப் பின்னால் தள்ளினால் கால் எட்டவில்லை. எங்களை மேய்க்கிற மண்டோர் தேவன் ஆலை வாசலில் எல்லார் முன்னாலும், "என்னா தாஸு, எத்தன மாசம்? டியூ டேட் எப்பலா?" என்கிறான். புனிதா போனதிலிருந்து நான் பீரைத் தொட்டதில்லை. குடிக்காத பீருக்குத் தொப்பை சுமப்பது என் தலையெழுத்து.

செபத்தில் நினைத்துக்கொள்.
அண்ணன் தாஸ்


மடம், கேமரன் மலை
13 அக்டோபர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

ஆண்டவருடைய அமைதி உங்கள் வீட்டில் தங்குவதாக. இங்கே எல்லாரும் நலம். எட்டுப் பேராக இருந்தோம், சென்ற மாதம் சகோதரி பிலோமினாவை அடக்கம் செய்தபின் ஏழு பேர். நோயாளிகளைப் பார்க்கும் வேலையோடு சமையலும் இப்போது என்னிடம் வந்திருக்கிறது.

தாய் உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பூசையன்று எடுத்த படத்தை இவான் அனுப்பியிருந்தான். அதில் உங்கள் கன்னம் ஒட்டியிருக்கிறது, சட்டைக் கையில் இரண்டு கை போகும்போல் இருக்கிறது, வயிறு மட்டும் முன்னால் நிற்கிறது. தின்று வருகிற தொப்பை முகத்தையும் விடாது. கை கால் மெலிந்து வயிறு மட்டும் பெருத்தால் அதை டாக்டரிடம் காட்ட வேண்டும். சோறு பழையபடி இறங்குகிறதா? மலம் ஒழுங்காகப் போகிறதா? வெட்கப்படாமல் எழுதுங்கள். இங்கே நான் எல்லாருடைய வயிற்றையும் பார்ப்பவள்.

டான்யாவுக்கு என் முத்தங்கள்.
தங்கை, சகோதரி மரியகொரெட்டி


ரந்தாவ்
24 நவம்பர் 2024

தங்கைக்கு,

நீ சமையல் செய்கிறாய் என்று படித்தேன். அந்த ஆறு பேருக்காகவும் செபிக்கிறேன். உன் முத்தங்களை டான்யாவிடம் சேர்த்துவிட்டேன்.

உன் தொல்லை தாங்காமல் கிளினிக் போனேன். கேஸ்டிரிக் என்று மாத்திரை கொடுத்தார்கள். கோயிலில் உபதேசியார், "சோத்தக் கொறைங்க தாஸ்" என்றார். குறைத்தேன். முகம் இன்னும் ஒட்டியது, வயிறு குறையவில்லை. பார்க்கிறவர்கள் எல்லாம், "எளச்சிட்டீங்க, நல்லாருக்கு" என்று கைகுலுக்குகிறார்கள். என்னத்தைச் சொல்வது?

போன வாரம் குலை கொக்கியை இழுக்கும்போது தொப்புள் கோழிமுட்டைபோல வெளியே வந்துவிட்டது. திரும்பவும் கிளினிக். ஹெர்னியாவாம். சிரம்பான் ஆஸ்பத்திரியில் ஜனவரிக்கு நாள் கொடுத்திருக்கிறார்கள். தோட்டத்தில் ஆளுக்கு ஆள் ஹெர்னியா உண்டு, பாரம் தூக்குகிறவனுக்கு அது போனஸ் மாதிரி. ஒன்றும் பயமில்லை.

அவசரமாக எழுதுகிறேன். அடுத்த ஞாயிறு திருவருகைக்காலம் பிறந்துவிடும். கிறிஸ்துமஸ் வரை உனக்குக் கடிதம் தரமாட்டார்கள், நீயும் எழுதமாட்டாய். தவக்காலத்திலும் அதே கூத்து. இருபத்தொன்பது வருடமாகத் தெரிந்த சட்டம்தான், ஆனாலும் ஒவ்வொரு தடவையும் முகத்துக்கு நேரே கதவைச் சாத்துவதுபோல் இருக்கிறது. தாய் அவர்களே, கோபிக்க வேண்டாம். மனதில் பட்டதை எழுதினேன்.

அண்ணன் தாஸ்


மடம்
28 டிசம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

பாலன் பிறப்பின் மகிழ்ச்சி உங்களுக்கும் டான்யாவுக்கும் உரியதாகுக. இங்கே குளிர் அதிகம், இருவர் படுக்கையில் இருக்கிறார்கள். நான் நலம்.

உங்கள் கடிதத்தைக் கிறிஸ்துமஸ் அன்று படித்தேன். ஹெர்னியா வருகிற வயிறு வேறு, உங்கள் வயிறு வேறு என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆபரேஷனுக்கு முன்னால் ஸ்கேன் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். நீங்கள் கேட்கமாட்டீர்கள். டாக்டர் முன்னால் போனால் கை கட்டிக்கொண்டு "சரிங்க" என்று திரும்பி வருகிற ஆள் நீங்கள். இந்த ஒரு முறை வாயைத் திறந்து கேளுங்கள்.

அவசரம் என்றால் தாயின் அறையில் தொலைபேசி இருக்கிறது. எண் உங்களிடம் உண்டு.

தங்கை கொரெட்டி


ரந்தாவ்
26 ஜனவரி 2025

தங்கைக்கு,

எழுந்து நடமாடுகிறேன். நீ குளிரில் காலுறை போட்டுக்கொள்.

தொலைபேசி பற்றி எழுதியிருந்தாய். அந்த எண்ணை ஒரே ஒரு தரம் அடித்தேன், புனிதா போன அன்று. சாவுக்கு அடிக்கிற போனை ஹெர்னியாவுக்கு அடிப்பேனா?

ஆபரேஷன் நடந்தது, ஆனால் முடியவில்லை. தொப்புளைத் திறந்தால் குடலோ கொழுப்போ வரவில்லையாம், ஜெல்லி வந்ததாம். மஞ்சளாக, பிறந்தநாள் வீட்டு அகர் அகர் மாதிரி. எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்ததாம். கொஞ்சத்தை லேபுக்கு அனுப்பிவிட்டுத் தைத்துவிட்டார்கள். பிறகு ஸ்கேன். நான் கேட்கவில்லை, அவர்களே எடுத்தார்கள்.

சசிதரன் என்று சின்ன வயது டாக்டர், நம்ம பிள்ளை. படத்தைக் காட்டி விளக்கினார். "அங்கிள், ஒங்க கொடல்வால்லதான் ஆரம்பம். அதுக்குள்ள ஒரு கட்டி வந்து, ஜெல்லியா சொரந்து, வெடிச்சு, வயிறு பூரா பரவியிருக்கு. வருசக் கணக்கா இருந்திருக்கும். ரொம்ப ரேர். நானே புக்லதான் படிச்சிருக்கேன்." நம் குடும்பத்தில் யாரும் புத்தகத்தில் வருகிற அளவுக்கு எதையும் சாதித்ததில்லை. என் குடல்வால் சாதித்துவிட்டது, பார்.

"கேன்சரா டாக்டர்?" என்று கேட்டேன். "ஆமான்னும் சொல்ல முடியாது, இல்லன்னும் சொல்ல முடியாது அங்கிள். மெதுவா வளர்றது. நொரையீரல், மூளைன்னு ஓடாது. ஆனா சும்மா விடவும் கூடாது" என்றார். கோலாலம்பூரில் இதற்கென்றே ஒரு டாக்டர் குழு இருக்கிறதாம். அங்கே இன்னொரு சின்ன ஆபரேஷன் செய்து, வயிற்றைக் கழுவிவிடுவார்களாம். அவ்வளவுதான். நீ அதையே நினைத்துக்கொண்டு உட்காராதே.

லோரிச் சாவியைத் தேவனிடம் கொடுத்துவிட்டேன். "டியூ டேட்" என்று கிண்டல் செய்தவன், சாவியை வாங்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

அண்ணன் தாஸ்


மடம்
26 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

ஆண்டவர் உங்களுக்குப் பெலன் தருவாராக. காலுறை போட்டிருக்கிறேன்.

மாதம் ஒருமுறை எங்கள் வயதான சகோதரிகளைப் பார்க்க டாக்டர் ரோகினி வருவார். உங்கள் கடிதத்தை அவரிடம் படித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "சிஸ்டர், இது சின்ன ஆபரேஷன் இல்ல. காலைல ஆரம்பிச்சா முடிய இருட்டிடும்" என்றார். வயிற்றின் உள் உறையை உரித்தெடுப்பார்களாம். குடலில் ஒரு பகுதியும், தேவைப்பட்டால் மண்ணீரலும் போகுமாம். பிறகு சுடவைத்த கீமோ மருந்தை வயிற்றுக்குள் விட்டு, ஒரு மணி நேரத்துக்கு மேல் சுற்றவிடுவார்களாம். இதைத்தான் "கழுவிவிடுவார்கள்" என்று எழுதினீர்களா?

இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். டாக்டர் வருகிறார், தேவன் வருகிறான், அகர் அகர் வருகிறது. டான்யாவைப் பற்றி ஒரு வரி இல்லை. உங்கள் கடிதத்தில் டான்யா இல்லாமல் நான் பார்த்ததே இல்லை. நீங்கள் வாரக் கணக்கில் ஆஸ்பத்திரியில் படுத்தால் அவளுக்கு யார் ஊட்டுவார்கள்?

இது உங்கள் கையில் சேர்வதற்குள் விபூதிப் புதன் வந்துவிடும். உங்கள் பதிலை உயிர்ப்பு ஞாயிறன்றுதான் படிப்பேன். ஆனாலும் கேட்டு வைக்கிறேன்.

தங்கை கொரெட்டி


ரந்தாவ்
19 மார்ச் 2025, சூசையப்பர் திருநாள்

கொரெட்டி,

இது தவக்காலம். இந்த உறை ஈஸ்டர் வரை தாயின் மேசைக்குள் கிடக்கும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். ஏப்ரல் எட்டாம் தேதி ஆபரேஷன். நீ இதைப் படிக்கும்போது நான் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருப்பேன், இல்லையென்றால் புனிதா பக்கத்தில் படுத்திருப்பேன். கஞ்சி என்றால் இதைக் கிழித்துப் போட்டுவிடு. மற்றது என்றால் கடைசிவரை படி.

உன் டாக்டர் சொன்னது அத்தனையும் உண்மை. கோலாலம்பூர் டாக்டர் ஒரு சீனப் பெண்மணி. மெலிந்த உடம்பு, சத்தமான குரல். மலாயில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். ஆபரேஷன் செய்து எல்லாம் வந்துவிட்டால் பல வருடம் ஓட்டலாமாம். நூற்றில் இரண்டு மூன்று பேர் ஆஸ்பத்திரியை விட்டுத் திரும்புவதில்லை. செய்யாவிட்டால் ஜெல்லி குடலை நெரிக்கும். பசிக்கும், சாப்பிட முடியாது. இப்போதே அரைத் தட்டுக்கு மேல் இறங்கவில்லை. வீட்டுப் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. அலுத்துப்போய்விட்டேன், தங்கச்சி. வயிற்றைத் தூக்கிக்கொண்டு நடந்து நடந்து அலுத்துப்போய்விட்டேன்.

டான்யாவைப் பற்றிக் கேட்டிருந்தாய். எழுதாமல் விட்டது மறந்து அல்ல.

இவான் நீலாய் பக்கம் ஒரு பராமரிப்பு இல்லம் பார்த்தான். "ஆப்பரேசன் முடியிற மட்டும்தாம்பா. டெம்பரரிலா" என்றான். பழக்கிப் பார்ப்போம் என்று ஒரு வெள்ளிக்கிழமை கொண்டுபோய் விட்டோம். சுத்தமான இடம், அன்பான ஆட்கள், ஒரு குறை சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை போனால், விட்ட ஜன்னலோரத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். அந்தப் பெண்கள் மாறி மாறி ஊட்டிப் பார்த்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் துப்பியிருக்கிறாள். உதடு வெடித்திருந்தது. என்னைப் பார்த்ததும் ஓடிவந்து முகத்தில் ஓர் அறை விட்டாள். பிறகு காரில் இருந்த நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் இரண்டையும் என் கையால் வாங்கித் தின்றாள். இவான் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதான். அவனைக் குற்றம் சொல்லாதே. அவன் வீடு பத்தாவது மாடியில் ஓர் அறை, இரண்டு பேரும் ஷிஃப்ட் வேலை. மங்கம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. இவளைப் பகலில் பார்த்துக்கொள்வதே பெரிய புண்ணியம், ஊட்டப் போனால் கடிக்கிறாள்.

நான் போய்விட்டால் அவளும் அந்த ஜன்னலோரத்தில் நின்று நின்றே போய்விடுவாள். எனக்குத் தெரியும். ஆபரேஷனே வேண்டாம் என்று ஒரு வாரம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பிறகு, நான் சாப்பிட முடியாமல் கிடப்பதை அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பாளே என்று கையெழுத்துப் போட்டேன்.

அதனால் கேட்கிறேன். நான் திரும்பாவிட்டால் நீ வெளியே வா. கடவுளுக்குப் பாட்டுப் பாட அங்கே ஆறு பேர் இருக்கிறார்கள். இவளுக்கு ஒருத்தரும் இல்லை. உன் சாமி நியாயஸ்தர் என்றால் கணக்கு அவருக்கே புரியும். நீ மடத்துக்குப் போகிறேன் என்றபோது அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார், நான்தான் பெட்டியைத் தூக்கிவந்து பஸ் ஏற்றிவிட்டேன். அதற்குக் கூலியாக இதைக் கேட்கவில்லை. கேட்க வேறு ஆள் இல்லை, அதனால் கேட்கிறேன்.

தாய் அவர்களே, நீங்களும் படியுங்கள். செத்தவன்மேல் கோபப்பட முடியாது.

தாஸ்


ரந்தாவ்
9 ஏப்ரல் 2025

மடத்துத் தாய் அவர்களுக்கும் தங்கைக்கும்,

ஆபரேஷன் நடக்கவில்லை. பட்டினி கிடந்து, பச்சைச் சட்டை மாட்டி, தள்ளுகட்டிலில் படுத்துச் செபமாலை பாதி ஓடிவிட்டது. அதற்குள் விபத்து கேஸ் வந்து தீவிரக் கண்காணிப்புக் கட்டில் போய்விட்டது. அந்தக் கட்டில் இல்லாமல் என் ஆபரேஷனைத் தொடமாட்டார்கள். மே இருபத்தேழு என்று புது நாள் கொடுத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து டான்யாவுக்கு ஊட்டிவிட்டு இதை எழுதுகிறேன்.

மார்ச் மாதம் ஒரு தடித்த உறை அனுப்பினேன். அதைப் பிரிக்க வேண்டாம். புண்ணியமாகப் போகும், அடுப்பில் போட்டுவிடுங்கள். அது செத்தவன் எழுதுவதுபோல எழுதியது. நான் சாகவில்லை, அதனால் அது செல்லாது. இங்கே எல்லாம் ஏற்பாடாகிவிட்டது. டான்யாவுக்கு நல்ல இடம் பார்த்தாயிற்று, பழகிவிட்டாள், நன்றாகச் சாப்பிடுகிறாள்.

எல்லாருக்கும் ஈஸ்டர் வாழ்த்து.
அமலதாஸ்


மடம்
21 ஏப்ரல் 2025, உயிர்ப்புத் திங்கள்

அண்ணே,

சமாதானம் என்று எழுதத்தான் பேனா எடுத்தேன். வரவில்லை. கோபமாக இருக்கிறேன். சின்ன வயதில் கூப்பிட்டதுபோல நீ என்றே எழுதுகிறேன்.

நேற்று மதியம் தாய் இரண்டு உறைகளையும் என் முன் வைத்தார். பின்னால் வந்த உறைமேல் தன் பெயரும் இருந்ததால் அதை மட்டும் அவர் படித்திருந்தார். "இந்தத் தடித்தத ஒங்க அண்ணன் எரிக்கச் சொல்றாரு. நான் பிரிக்கல. எரிக்கிறதும் படிக்கிறதும் ஒன் இஷ்டம்" என்றார். சமையலறைக்குக் கொண்டுபோனேன். அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. ஸ்டூலில் உட்கார்ந்து படித்தேன்.

செத்தால் வாயைத் திறந்து கேட்பாய், உயிரோடு இருந்தால் கேட்கமாட்டாயா? சாகிறவனுக்குத்தான் தங்கச்சியா? "பழகிவிட்டாள், நன்றாகச் சாப்பிடுகிறாள்" என்று எந்தக் கையால் எழுதினாய், அவளுக்கு ஊட்டிய அதே கையாலா? உதடு வெடித்த பிள்ளையை நீலாய்க்குத் திருப்பி அனுப்பிவிட்டு நீ மேசையில் போய் மயங்கிப் படுப்பாய், நான் இங்கே மணி அடித்ததும் பாடப் போவேன். நல்ல நியாயம்!

தாயிடம் கேட்டுவிட்டேன். எங்கள் சட்டத்திலேயே அதற்கு வழி இருக்கிறது. தாயும் ஆலோசனைச் சகோதரிகளும் ஒப்புக்கொண்டால், சபையை விடாமலே ஒரு வருடம் வெளியே தங்கலாம். ஒப்புக்கொண்டார்கள். இரண்டு பேர் அழுதார்கள். தாய்க்கு எழுபத்துநாலு, முழங்கால் மடங்காது. இனி சமையலும் நோயாளிகளும் அவர் தலையில்தான். அவரோ சிலுவை போட்டு என்னை ஆசீர்வதித்தார். எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. சாலை கடந்து எவ்வளவோ காலமாகிறது. ஆனாலும் வருகிறேன்.

கொரெட்டி


ரந்தாவ்
4 மே 2025

கொரெட்டிக்கு,

நீ வர வேண்டாம். முடிவாகச் சொல்கிறேன்.

ஊர் என்ன சொல்லும்? மடத்துப் பெண்ணை இழுத்துவந்து பீங்கான் கழுவ வைத்தான் என்று என்னைத்தான் காறித் துப்புவார்கள். அந்த வயதான பெண்மணிகளின் சாபம் எனக்கு வேண்டாம். டான்யா உன்னை மடத்துக் கம்பிக்குப் பின்னால் வருடத்துக்கு ஒருமுறை பார்த்தவள். நீ யாரென்றே அவளுக்குத் தெரியாது. கடிப்பாள், துப்புவாள், தலைத் துணியைப் பிடித்து இழுப்பாள். நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாலும் மாதக் கணக்கில் பாரம் தூக்கக் கூடாதாம். இரண்டு பேருக்கும் சேர்த்து நீ மாரடிக்க வேண்டும். இதெல்லாம் உன்னால் ஆகாது. நான் இதைச் சமாளித்துக்கொள்வேன்.

சொன்னால் கேட்கிற ஆள் நீ இல்லை என்பதும் தெரியும். பிடிவாதமாக வருவதென்றால் காலை பஸ் எடு. சிரம்பானுக்கு நேர் பஸ் கிடைக்காவிட்டால் கோலாலம்பூரில் இறங்கி ரயில் பிடி. டாக்சிக்காரன் கூப்பிட்டால் ஏறாதே. சிரம்பான் ஸ்டேஷனில் தேவன் காரோடு நிற்பான், சொல்லி வைத்திருக்கிறேன். புனிதாவின் அறையைக் கழுவித் திரை மாற்றியாயிற்று. குளிருக்குப் பழகினவள், இங்கே வெந்து போவாய், அதனால் புது ஃபேன் மாட்டியிருக்கிறேன். டான்யாவுக்கு மைலோவில் சீனி போடாதே. சோற்றை உருட்டி, "ஆ காட்டு" என்று சொல்லிவிட்டுத்தான் ஊட்ட வேண்டும். சொல்லாவிட்டால் வாய் திறக்கமாட்டாள்.

இருபதாம் தேதிக்குள் வந்தால் ஒரு வாரம் என்னோடு சேர்ந்து பழகலாம்.

அண்ணன் தாஸ்


ரந்தாவ்
8 ஜூன் 2025

இவான், கண்ணு, இதை அப்பாவின் காதருகே உட்கார்ந்து மெதுவாகப் படி. படிக்கும்போது நீ எதையும் விடாதே, எதையும் சேர்க்காதே.

அண்ணே,

சுகமா என்று கேட்டால் உனக்குச் சிரிப்பு வரும், தையல் இழுக்கும், அதனால் கேட்கவில்லை. வயிற்றில் கண்ணுக்குத் தெரிந்தது அத்தனையும் எடுத்தாயிற்று என்று டாக்டரம்மா இவானிடம் சொன்னாராம். குடல்வாலோடு மண்ணீரலும் குடலில் ஒரு முழமும் போய்விட்டதாம். போகட்டும். தொண்டைக் குழாய் எடுத்தும் குரல் எழும்பவில்லை, போனில் பேசினால் இருமுகிறாய் என்று இவான் சொன்னான். டான்யாவை விட்டுவிட்டு நான் அங்கே வர முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நர்ஸ் கஞ்சி கொண்டுவந்தால் நீ முகத்தைத் திருப்பிக்கொள்கிறாயாம். குடல் வேலை செய்யத் தொடங்கிவிட்டது, இனி சாப்பிட்டால்தான் காயம் ஆறும் என்று டாக்டரம்மா சத்தம் போடுகிறாராம். நீ கையால் "டான்யா சாப்பிட்டாளா" என்று மட்டும் கேட்கிறாயாம். இவான் "சாப்பிட்டாப்பா" என்றால் நம்பாமல் கண்ணை மூடிக்கொள்கிறாயாம். நான் பொய் எழுதமாட்டேன் என்று உனக்குத் தெரியும். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நீ போன அன்று அவள் சாப்பிடவில்லை. மறுநாளும் இல்லை. நீ சொல்லிக் கொடுத்தபடியே உருட்டினேன், "ஆ காட்டு" என்றேன். கையைக் கடித்தாள். என் தலைத் துணியைப் பிடுங்கி வாளியில் போட்டாள். மைலோ மட்டும் குடித்தாள், அதுவும் நான் அந்தப் பக்கம் திரும்பினால்தான். மங்கம்மா அக்கா, "சிஸ்டரு, இது ஒங்களால ஆவாது. கிளினிக்ல டியூப் போடச் சொல்லுவோம்" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. உன்னிடம் அவ்வளவு வாய் பேசிவிட்டு வந்து, ஒரு வாய்ச் சோறு ஊட்டத் தெரியாமல் நின்றேன்.

மூன்றாம் நாள் சாயந்திரம் குப்பை போட வெளியே போனேன். திரும்பி வந்தால் வாசல் கேட்டைப் பூட்டிவிட்டாள். சாவி உள்ளே அவள் கையில். கூப்பிட்டேன், கெஞ்சினேன், அதட்டினேன். கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று என்னையே பார்த்தாள். தேவன் பூட்டை உடைக்கிறேன் என்று ஓடி வந்தான், வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். தூறல் போட்டது. தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது. செபத்தில் வருகிற அழுகை இல்லை அண்ணே, மூக்கு ஒழுகி, நாலு பேர் பார்க்கிற மாதிரி அழுதேன். மடத்தில் இத்தனை வருடம் கம்பிக்கு உள்ளே நின்று, அழ வந்தவர்களுக்கெல்லாம் ஆறுதல் சொல்லியிருக்கிறேன். வெளியே நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்ததே இல்லை.

அவள் உள்ளே போனாள். நான் மூடி வைத்திருந்த தட்டை எடுத்து வந்தாள். கேட்டுக்கு அந்தப் பக்கம் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். சோற்றையும் பருப்பையும் பிசைந்து, உருட்டி, கம்பி வழியாகக் கையை நீட்டினாள்.

"அத்தே, ஆ காட்டு."

காட்டினேன். ஊட்டினாள். நான் விழுங்குகிறேனா என்று பார்த்தாள். பிறகு தன் வாயைத் திறந்து காட்டினாள். கம்பிக்குள் கையை விட்டு, அதே தட்டிலிருந்து உருட்டி ஊட்டினேன். துப்பவில்லை. எனக்கு ஒரு வாய், அவளுக்கு ஒரு வாய். தட்டு காலியானது. இன்னும் போடு என்று தட்டைத் தட்டினாள். பூட்டைத் திறந்தால்தான் போடுவேன் என்றேன், திறந்துவிட்டாள். அன்றிலிருந்து மூன்று வேளையும் அப்படித்தான். முதல் வாயை எனக்கு ஊட்டாமல் அவள் வாய் திறப்பதில்லை.

இன்று மத்தியானமும் இரண்டு தட்டுச் சாப்பிட்டாள். இந்தக் காகித ஓரத்தில் இருக்கிற மஞ்சள் கறை அவள் விரல்தான்.

அவள் சாப்பிட்டுவிட்டாள், அண்ணே. இவான் கஞ்சியை எடுப்பான். நீ ஆ காட்டு.

கொரெட்டி